பரணில் கிடைத்த போர்ப் பதக்கங்கள்: விளிம்பில் இருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: பெரம்பூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பழைய நாணயங்களைப் பற்றி இங்கே நடக்கும் உரையாடல்களை நெடுநாளாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

பெரம்பூரில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப்போவதால் சென்ற மாதம் பரணை ஒழித்தோம். அங்கே என் தாத்தாவின் தகர டிரங்குப் பெட்டி இருந்தது. பழைய பஞ்சாங்கங்களுக்கும் மடித்த வேட்டிகளுக்கும் அடியில், மஞ்சள் துணியில் முடிந்துவைத்த பொட்டலம் ஒன்றில் ஆறு பதக்கங்கள் கிடைத்தன. இரண்டு ஒரே நூலில் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று வெள்ளியைப் போலக் கறுத்திருக்கிறது. ஒரு பக்கம் அரசரின் தலையும் மறுபக்கம் ஆடையில்லாத குதிரைவீரன் ஒருவனும் இருக்கிறார்கள். மற்றொன்று செம்பு நிறம், அதில் இறக்கை விரித்த பெண் உருவம். மீதி நான்கில் இரண்டு ஆறு முனை நட்சத்திரங்கள், இரண்டு வெண்மையான வட்டங்கள். இவற்றைத் தவிர, என் பாட்டி கிராம்பும் ஏலக்காயும் போட்டுவைத்திருந்த ஒரு பித்தளைப் பெட்டியும் இருக்கிறது. அதன் மூடியில் ஓர் இளம்பெண்ணின் பக்கவாட்டு முகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாட்டி ஏதோ மிட்டாய்ப் பெட்டி என்றே சொல்லிவந்தார்.

எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் பஸ்ராவுக்குப் போனவர் என்றும், தாத்தா இரண்டாம் போரில் பர்மாவுக்குப் போனவர் என்றும் வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. எது யாருடையது, அதை எப்படி உறுதி செய்வது என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது, சற்றுச் சங்கடமானது. கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று பதக்கங்கள் இருந்தன என்றும், அவற்றில் நட்சத்திரப் பதக்கத்தை என் சித்தப்பா இளவயதில் மூர் மார்க்கெட்டில் விற்றுவிட்டார் என்றும் என் அத்தை உறுதியாக நம்புகிறார். சித்தப்பா இல்லவே இல்லை என்கிறார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இந்தப் பேச்சு எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் வந்துபோகிறது. இப்படி மூன்றாவது பதக்கம் ஒன்று இருந்திருக்குமா?

மூன்றாவதாக, சௌகார்பேட்டையில் ஒரு வியாபாரியிடம் காட்டியபோது, வெள்ளிப் பதக்கத்தை மட்டும் எடைக்கு எடுத்துக்கொள்வதாகவும் மற்றவை எதற்கும் உதவாது என்றும் சொன்னார். கனடாவில் இருக்கும் அத்தை மகன் எல்லாவற்றையும் தன்னிடம் அனுப்பிவிடும்படி கேட்கிறார். நான் எதையும் முடிவு செய்யவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: மயிலாப்பூர் சேகரிப்பாளர்

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். புளியைக் கையில் எடுக்காதீர்கள். எலுமிச்சை, திருநீறு, பாத்திரம் துலக்கும் தூள், பிராசோ எதுவும் வேண்டாம். முப்பது ஆண்டுகளாக இந்தப் பதக்கங்களைச் சேர்த்துவரும் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தவை தொலைந்துபோன பதக்கங்கள் அல்ல. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அன்போடு தேய்த்துத் தேய்த்து, விளிம்பில் இருந்த பெயர் வழித்துப்போன பதக்கங்கள்தாம். உங்கள் பதக்கங்களின் மதிப்பு முழுவதும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

நீங்கள் வர்ணித்ததிலிருந்தே நூலில் கட்டிய இரண்டும் முதல் உலகப் போருக்குரியவை என்று சொல்லிவிடலாம். குதிரைவீரன் உள்ளது 1919ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அந்த வீரன் புனித ஜார்ஜ். அவனுடைய குதிரை மிதிப்பது பகை நாடுகளின் கழுகுக் கேடயத்தை. இறக்கையுள்ள பெண் உருவம் வெற்றிப் பதக்கத்துக்குரியது. அதன் பின்புறத்தில் 'நாகரிகத்துக்கான பெரும் போர், 1914–1919' என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். இரண்டும் 36 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. போர்ப் பதக்கம் 65 லட்சத்துக்கு அருகில் வெள்ளியில் வெளியிடப்பட்டது; அத்துடன் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் வெண்கலத்திலும் வந்தது. வெண்கலப் பதக்கம் பெரும்பாலும் தொழிலாளர் படைகளில் மண் வெட்டியவர்களுக்கும் சுமை தூக்கியவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. உங்களுடையது வெள்ளி என்பதால் உங்கள் கொள்ளுத்தாத்தா படைவீரராகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

விளிம்பைப் படிக்க அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சு குத்தியிருக்கும். பெயர் நாம் இன்று எழுதும் எழுத்துக்கூட்டலில் இருக்காது. ஒரே தமிழ்ப் பெயர் மூன்று எழுத்தர்களின் காதில் மூன்று விதமாக விழுந்திருக்கும் என்பதால், எழுத்தை விட்டுவிட்டு ஒலியைக் கொண்டு படியுங்கள்.

இப்போது உங்கள் சித்தப்பாவைப் பற்றி. முதல் உலகப் போருக்கு இரண்டு நட்சத்திரப் பதக்கங்கள் உண்டு. 1914 நட்சத்திரம், அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்தவர்களுக்கு உரியது. 1914–15 நட்சத்திரம், 1915 டிசம்பர் முடிவதற்குள் ஏதாவதொரு போர்முனையில் கால் வைத்தவர்களுக்கு உரியது. 1916 ஜனவரி முதல் கடல் கடந்தவர்களுக்கு நட்சத்திரமே கிடையாது. உங்களிடம் இருப்பதைப் போல இரண்டு பதக்கங்கள்தாம் கிடைத்தன. ஆகவே பதக்கங்களின் எண்ணிக்கையே ஒரு சான்று. அது முடிவான சான்று அன்று. அவர் எப்போது கப்பலேறினார் என்பது தெரிந்தால் முடிவாகிவிடும். பெட்டியின் அடியில் விரித்த காகிதங்களையும் பெட்டி மூடியின் உட்புறத்தையும் நன்றாகப் பாருங்கள். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்றிதழைப் பலர் அங்கேதான் ஒட்டியோ செருகியோ வைத்திருந்தார்கள்.

பித்தளைப் பெட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஏறத்தாழ 5 அங்குல நீளமும், மூடியில் 'கிறிஸ்துமஸ் 1914' என்ற எழுத்தும் இருந்தால், அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகள் இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியிலிருந்து படையினருக்குக் கொடுத்த பரிசுப் பெட்டி. மூடியில் இருப்பது அவருடைய முகம். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெரும்பாலும் புகையிலையும் சிகரெட்டும் வைத்துக் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்கு அவரவர் வழக்கத்தை ஒட்டிக் கற்கண்டும், மசாலாப் பொருள்கள் அடைத்த சிறு தகரப் பெட்டியும் கொடுத்தார்கள். உங்கள் பாட்டி மிட்டாய்ப் பெட்டி என்று சொன்னது வெறும் பேச்சல்ல. அவருடைய மாமனார் சொன்னது அவர் நினைவில் தங்கியிருக்கலாம். இந்தப் பெட்டி முதலில் போர்முனையில் இருந்தவர்களுக்கு என்று தொடங்கி, பிறகு 1914 கிறிஸ்துமஸ் நாளன்று சீருடையில் இருந்த அனைவருக்கும் என்று விரிவாக்கப்பட்டது. ஆகவே அது அவருடைய சொந்தப் பெட்டியாக இருந்தால், அவர் 1914 டிசம்பரிலேயே படையில் இருந்திருக்கிறார், ஆனால் 1916 பிறந்த பிறகுதான் கடல் கடந்திருக்கிறார் என்று ஆகும். பெட்டிகள் கைமாறுவதும் உண்டு என்பதால் இதை அனுமானமாகவே வைத்துக்கொள்வோம்.

மூடியின் ஓரங்களில் நேச நாடுகளின் பெயர்கள் இருக்கும். அவற்றுள் ஜப்பானும் ஒன்று. தந்தைக்குக் கிடைத்த பெட்டியில் நட்பு நாடாக இருந்த ஜப்பானை எதிர்த்துத்தான் மகன் பர்மாவுக்குப் போனார் என்பதை நினைக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது.

வெள்ளியைத் தனியாக விற்காதீர்கள். அந்த இரண்டு பதக்கங்களும் ஒரே பெயரைத் தாங்கிய இணை. பிரித்துவிட்டால் மறுபடி சேர்வது அரிதினும் அரிது. போர்ப் பதக்கம் 925 தரத்து வெள்ளி என்பதாலேயே, 1980ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே ஏராளமானவை உருக்கப்பட்டுவிட்டன.

பதில்: ராயபுரம் நண்பர்

மேலே எழுதியவர் சொன்னதை என் வீட்டு அனுபவத்தால் வழிமொழிகிறேன். எங்கள் பாட்டனாரின் வெள்ளிப் பதக்கத்தை என் பாட்டி பத்தரிடம் கொடுத்து, முதல் பேரப் பிள்ளைக்கு அரைஞாண்கொடியாக அடித்து வாங்கினார். அந்தப் பிள்ளை என் அண்ணன். பாட்டி செய்தது தவறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு வெள்ளி இல்லாத காலம் அது. ஆனால் இன்று எங்களிடம் வெற்றிப் பதக்கம் மட்டும் இருக்கிறது, அதுவும் ஆண்டுக்கணக்கில் தேய்த்ததால் எண்ணும் பாதிப் பெயரும் அழிந்துவிட்டன. அவர் எந்தப் படையில் இருந்தார் என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. இன்று இரவே விளிம்பைப் படமெடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வேளச்சேரி மாணவர்

இந்த இழையிலேயே ஒன்று கேட்கலாமா? நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். இத்தகைய பதக்கங்களைச் சேகரிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் நம்மை ஆண்டவர்களின் முத்திரை பதித்த பொருள்களைப் பெருமையாக வைத்துக்கொள்வது சரிதானா என்ற தயக்கமும் இருக்கிறது. பணமும் அதிகம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாம்பரம், ஓய்வுபெற்ற படைவீரர்

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தம்பி, உன் தயக்கம் நியாயமானது. அதே தயக்கம் காரணமாகத்தான் 1947க்குப் பிறகு பல வீடுகளில் இந்தப் பதக்கங்கள் பரணுக்குப் போயின. ஆனால் பதக்கத்தின் முகப்பில் அரசர் இருந்தாலும் விளிம்பில் இருப்பது நம் ஊர்க்காரர் பெயர். முதல் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். இரண்டாம் போரின் முடிவில் இந்தியப் படை 25 லட்சமாக வளர்ந்திருந்தது. வேலை தேடியும், நிலம் வறண்டும், அண்ணன் போன வழியில் தம்பியாகவும் போனவர்கள் அவர்கள். அதே காலத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரு பக்கமும் நின்றதுண்டு. இரண்டையும் அறிந்துகொள்வதுதான் வரலாறு படிப்பவனுக்கு அழகு. நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறைக்கு ஒருநாள் போய்வா. பின்புறத்தில் இருக்கும் முதல் உலகப் போர் நினைவுச் சுவரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் நாட்டின் பல மூலைகளில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போனவர்கள். அங்கே நின்று பெயர்களைப் படித்த பிறகு பதக்கத்தைக் கையில் எடுத்தால் அது வேறு பொருளாகத் தெரியும்.

அம்மா, உங்கள் தாத்தாவின் பதக்கங்களுக்கு வருகிறேன். ஆறு முனை நட்சத்திரங்களின் முகப்பிலேயே அவற்றின் பெயர் இருக்கும். ஒன்று 1939–45 நட்சத்திரமாகவும், மற்றொன்று பர்மா நட்சத்திரமாகவும் இருக்க வேண்டும். பர்மா நட்சத்திரம் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான போருக்குரியது. அதன் பட்டு நாடாவின் நடுவே சிவப்பும், இரு ஓரங்களிலும் கருநீலமும், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடும் இருக்கும். வெண்மையான வட்டங்களில் ஒன்றில் சிங்கம் ஒன்று விலங்கின் மேல் ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். அது 1939–45 போர்ப் பதக்கம். மற்றதில் இந்திய வரைபடம் இருந்தால் அது இந்தியச் சேவைப் பதக்கம். மூன்று ஆண்டுகள் இந்தியாவுக்குள் சேவை செய்த இந்தியப் படையினருக்கு மட்டுமே அது கிடைத்தது. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் வீரர்களுக்குக் கிடையாது. பதக்கத் தொகுதிகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது அதுதான். பர்மா நட்சத்திரமும் அதுவும் சேர்ந்திருந்தால், உங்கள் தாத்தா பர்மாவுக்குப் போவதற்கு முன்போ பின்போ நெடுங்காலம் இங்கேயும் பணியாற்றியிருக்கிறார்.

இவை வீரச் செயலுக்கான விருதுகள் அல்ல. போர்க்காலத்தில் பணியாற்றியதற்கான பதக்கங்கள். வீட்டில் 'வீரப் பதக்கம்' என்று சொல்லிவந்திருப்பார்கள். அதைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டியதில்லை. வீரச் செயலுக்கான விருதுகள் தனி. மதராஸ் சப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியம், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், மற்றவர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு உயிர்நீத்தார்; அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அத்தகையவர்களோடு தோளுரசி நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தவை உங்கள் பெட்டியில் இருப்பவை.

விளிம்பில் எண்ணும் படைப்பிரிவும் கிடைத்தால், அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் வெல்லிங்டன், சப்பர்ஸுக்குப் பெங்களூரு. எண், பெயர், தந்தை பெயர், அந்தக் காலத்து ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவற்றை எழுதுங்கள். ஊர் மிக முக்கியம், ஏனென்றால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அன்று செங்கல்பட்டு, வட ஆற்காடு என்று இருந்த மாவட்டப் பெயரையே குறிப்பிடுங்கள். பதில் வருவதற்கு மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: பெரம்பூர் வாசகி

நீங்கள் மூவரும் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்டினேன். அன்றிரவே விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் நானும் என் மகளும் விளிம்புகளைப் பார்த்தோம். வெள்ளிப் பதக்கத்தில் நான்கு இலக்க எண், பிறகு 'எஸ்பிஆர்' என்ற மூன்று எழுத்துகள், பிறகு எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர், கடைசியில் '2 கியூவிஓ எஸ் அண்ட் எம்' என்று இருக்கிறது. பெயர் நீங்கள் சொன்னபடியே வேறு எழுத்துக்கூட்டலில் இருந்ததால் முதலில் எங்களுக்குப் பிடிபடவில்லை. என் மகள்தான் வாய்விட்டுப் படித்தாள், உடனே விளங்கிவிட்டது. செம்புப் பதக்கத்திலும் அதே எண், அதே பெயர். தாத்தாவின் நட்சத்திரங்களின் பின்புறத்தில் ஒன்றுமே இல்லை. வெண்மையான வட்டங்களில் ஒன்றில் சிங்கமும் மற்றதில் இந்திய வரைபடமும் இருக்கின்றன. அவற்றின் விளிம்பிலும் பெயர் இல்லை. டிரங்குப் பெட்டி மூடியின் வெளிப்புறத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய ஓர் எண் மங்கலாகத் தெரிகிறது.

பித்தளைப் பெட்டியில் 'கிறிஸ்துமஸ் 1914' இருக்கிறது. ஜப்பான் பெயரும் இருக்கிறது. கிராம்பு வாசனை இன்னும் போகவில்லை.

பதில்: மயிலாப்பூர் சேகரிப்பாளர்

மிக்க மகிழ்ச்சி. 'எஸ்பிஆர்' என்பது சப்பர் என்ற பதவியின் சுருக்கம். பாலம் கட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி வைப்பதும் அகற்றுவதும் அவர்கள் வேலை. கடைசியில் இருப்பது விக்டோரியா அரசியின் சொந்த 2ஆம் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற படைப்பிரிவு. அதுதான் நம் மதராஸ் சப்பர்ஸ், படையில் இன்றைக்கும் 'தம்பிகள்' என்று அழைக்கப்படுபவர்கள். பெங்களூரு அவர்களுடைய தலைமையிடம். குடும்பத்தில் சொல்லிவந்த பஸ்ரா சரியாகப் பொருந்துகிறது. அந்தப் படைப்பிரிவின் கம்பெனிகள் பஸ்ரா அடங்கிய மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பணியாற்றின. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் என்ற இடத்தில் எதிரியின் குண்டுகளுக்கு நடுவே டைகிரிஸ் ஆற்றைக் கடந்ததில் மதராஸ் சப்பர்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கடுத்த மாதம், மார்ச் 11 அன்று, பாக்தாத் வீழ்ந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த ஆற்றங்கரையில் இருந்தாரா என்பதைக் கம்பெனி எண் தெரிந்தால்தான் சொல்ல முடியும். விளிம்பில் கம்பெனி எண் இல்லை. விடுவிப்புச் சான்றிதழில் இருக்கலாம்.

தாத்தாவின் பதக்கங்களில் பெயர் இல்லாததைக் கண்டு கலங்க வேண்டாம். இரண்டாம் போருக்குப் பிறகு பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது. இந்தியாவில் பெயர் பொறித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது என்றாலும், பெயரில்லாத இந்தியத் தொகுதிகளும் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. இந்நிலையில் பெட்டியின் மேல் இருக்கும் எண்தான் அவருடைய அடையாளம். வீட்டை இடிக்கும் அவசரத்தில் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பதக்கம், பெட்டி, மஞ்சள் துணி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். இன்றைக்கே ஒரு தாளில், இவை இன்ன பரணில் இன்ன நாளில் இப்படிக் கிடைத்தன என்று எழுதி உள்ளே வையுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பெயரில்லாத அந்த நட்சத்திரங்கள் உங்கள் தாத்தாவுடையவை என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையின் கடற்காற்றில் செம்பும் வெண்கலமும் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிவிசி உறைகளில் போடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கே நாளடைவில் களிம்பை வரவழைக்கும். ரப்பர் வளையம் போட்டால் வெள்ளி கறுக்கும். அமிலமில்லாத காகிதத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடும் டப்பாவில் வைத்தால் போதும். வெறும் விரலால் முகப்பைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். சட்டம் போட விரும்பினால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பட்டு நாடா வெயிலில் வெளுத்து இற்றுவிடும். நாடா ஏற்கெனவே கிழிந்திருந்தால் புது நாடா வாங்கிக் கோக்கலாம், அதில் தவறில்லை. பழைய நாடாவை மட்டும் எறியாதீர்கள்.

கனடாவுக்கு அனுப்புவதில் நிதானம் தேவை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுள்ள வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கொள்ளுத்தாத்தாவின் பதக்கங்களும் பித்தளைப் பெட்டியும் அந்த வயதை எட்டியவை. புனித ஜார்ஜ் கோட்டை வளாகத்தில் இருக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகத்தில் கேட்காமல் அஞ்சலிலோ பயணப் பெட்டியிலோ அனுப்ப வேண்டாம். என் சொந்தக் கருத்தையும் சொல்கிறேன்: அவை இந்த ஊரிலேயே இருக்கட்டும். அத்தை மகனுக்கு நல்ல படங்களும் ஆவண நகல்களும் அனுப்புங்கள்.

வேளச்சேரித் தம்பிக்கு: பணம் அதிகம் இல்லை என்பது ஒருவகையில் நல்லதே, அவசரப்பட்டு வாங்க மாட்டீர்கள். உலகப் போர்கள் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு படைப்பிரிவையோ ஒரு போர்முனையையோ தேர்ந்தெடுங்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படைப் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் இறங்கிப் போரிட்டது; 61ஆம் பயனியர் பிரிவும் அங்கே இருந்தது. இந்தப் பெயர்கள் பொறித்த ஒரே ஒரு பதக்கம் கிடைத்தாலும் அதை வைத்து ஓராண்டு படிக்கலாம். வாங்கும் முன் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உண்மையான பதக்கங்களைப் பலமுறை பாருங்கள். கண் பழகிவிட்டால் வார்ப்பெடுத்த போலி உடனே தெரியும்: அரசரின் தலைமுடி மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசி முனை போன்ற குழிகள் இருக்கும், வார்ப்பு குளிரும்போது சுருங்குவதால் விட்டமும் சற்றுக் குறைந்திருக்கும். ஆகவே ஒரு வெர்னியர் காலிப்பரும் நல்ல உருப்பெருக்கியும் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையான பதக்கத்திலேயே பழைய பெயரை அராவி அழித்துவிட்டுப் புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரைப் பொறிப்பது அதைவிடக் கொடிய மோசடி. விளிம்பைச் சுற்றிலும் பல இடங்களில் அளந்துபாருங்கள். அராவிய இடத்தில் அளவு குறையும். இரண்டாம் போரின் நட்சத்திரங்களில் ஐரோப்பிய விமானப் படையினருக்கான நட்சத்திரத்துக்குத்தான் விலை அதிகம், போலியும் அதற்குத்தான் அதிகம். நானே தொடக்க காலத்தில் ஒரு வியாபாரியை நம்பி அதில் ஏமாந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சென்னைக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததால், 'எம்டன்' என்ற சொல்லே நம் பேச்சில் கலந்துவிட்டது. அதனால் 'எம்டன் குண்டுத் துண்டு' என்று சொல்லி எந்தத் துருப்பிடித்த இரும்பையும் விற்க வருவார்கள். கோட்டை அருங்காட்சியகத்தில் உண்மையான துண்டு இருக்கிறது. அதைப் போய்ப் பாருங்கள். எந்த வீட்டிலிருந்து எப்படி வந்தது என்ற எழுத்துச் சான்று இல்லாத துண்டுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். வெடிக்காத குண்டோ தோட்டாவோ யாராவது காட்டினால் தொடவே வேண்டாம், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: பெரம்பூர் வாசகி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பெட்டி மூடியின் உட்புறத்தில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதன் ஒரு மூலை உப்பலாக இருந்ததால், ஈரப்படுத்தாமல் மெல்லிய எலும்பு ஸ்கேலால் பொறுமையாகப் பிரித்தேன். உள்ளே நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. மடிப்புகள் கிழிந்திருக்கின்றன, ஆனால் எழுத்து நன்றாகத் தெரிகிறது. அதே எண், அதே பெயர், எங்கள் ஊர், செங்கல்பட்டு மாவட்டம். படையில் சேர்ந்தது 1913. வெளிநாட்டுச் சேவை என்ற இடத்தில் மெசபடோமியா என்றும், 1916 ஆகஸ்ட் முதல் என்றும் மையால் எழுதியிருக்கிறது. கம்பெனி எண் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்புக் கிழிசல் விழுந்துவிட்டது. அதைப் படமெடுத்துத் தனியாக அனுப்புகிறேன், படிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 1916 என்பதால் அவருக்கு நட்சத்திரம் கிடைத்திருக்கவே முடியாது. மயிலாப்பூர் ஐயா எழுதிய பகுதியை அத்தையிடம் முதலில் படித்துக்காட்டினேன், பிறகு தாளைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவின் நட்சத்திரத்தைச் சிறுவயதில் பார்த்ததுதான் கொள்ளுத்தாத்தாவுடையது என்று மனத்தில் பதிந்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அன்று மாலை அம்பத்தூரில் இருக்கும் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். சித்தப்பா வந்தார். ஆறு பதக்கங்களையும் மேசையில் வைத்தோம். அவர் வெள்ளிப் பதக்கத்தை விளிம்பில் பிடித்து எடுத்து, என் மகளிடம் கைப்பேசி விளக்கைக் காட்டச் சொல்லி, எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார்.

வெல்லிங்டனுக்கும் பெங்களூருக்கும் கடிதங்களை நேற்றுப் பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். பெட்டி மேல் இருக்கும் தாத்தாவின் எண்ணில் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை, இரண்டையும் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே பதிகிறேன்.